இடம்பெயராத ரயில்பாதையும் இடம்பெயர்ந்த சொல்லும்

வீடு மாற்றிய அனுபவம் உள்ள எவருக்கும் இது தெரிந்திருக்கும். வீட்டுப் பொருட்களில் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை ஒரு வகை; அந்த வீட்டோடு சேர்ந்து வளர்ந்துவிட்டவை இன்னொரு வகை. கட்டிலையும் பீரோவையும் கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம். ஆனால் சுவரின் நீள அகலத்துக்கு ஏற்பத் தச்சர் வந்து அடித்துக்கொடுத்த புத்தக அலமாரி வேறெந்தச் சுவருக்கும் பொருந்துவதில்லை. புத்தகங்கள் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுகின்றன. எந்த நூலுக்கு அருகில் எந்த நூல் நின்றது என்ற ஒழுங்கு மட்டும் வந்து சேர்வதில்லை. பல மாதங்கள் கழித்து, இருட்டிலும் கை தானாகச் சென்று எடுக்கும் ஒரு நூலைத் தேடி அலையும்போதுதான் அந்த இழப்பின் அளவு நமக்கு உறைக்கிறது.

மாதிரி ரயில்பாதைகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. மேலை நாடுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பெரியவர்கள் தீவிரத்தோடு ஈடுபட்டுவரும் கலை இது. கடையில் வாங்கிவந்து வட்டமாகப் பூட்டிச் சாவி கொடுக்கும் பொம்மை ரயிலை நினைத்துக்கொண்டு இதை அணுகக் கூடாது. ஓர் அறை முழுவதும் மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மீது மலையும் ஆறும் ஊரும் சமைத்து, நிலையங்களையும் கைகாட்டிகளையும் அமைத்து, கால அட்டவணைப்படி வண்டிகளை ஓட்டுகிறார்கள். இப்படியொன்றைக் கட்டி முடிக்க இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். உண்மையில் அதைக் கட்டி முடிப்பதென்பதே கிடையாது. ஆனால் ஒருநாள் அறையைக் காலிசெய்ய வேண்டி வருகிறது. அப்போது என்ன ஆகிறது என்ற கேள்வியை ஒரு குறிப்பிட்ட ரயில்பாதையின் வரலாற்றைக் கொண்டு பார்க்க விரும்புகிறோம். இது அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரத்திலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ரயில்பாதை. எம்.ஐ.டி. என்றால் நமக்குக் குரோம்பேட்டைதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால் முழுப்பெயரையும் ஒருமுறை சொல்லிவிட்டோம். இனிச் சுருக்கப் பெயரையே பயன்படுத்துவோம்.

*

கதை ஒரு கட்டிடத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943இல், ராடார் ஆராய்ச்சிக்காக எம்.ஐ.டி. வளாகத்தில் அவசரமாக ஒரு கட்டிடம் எழுப்பப்பட்டது. போர்க்காலத்தில் எஃகு கிடைப்பது அரிது என்பதால் மூன்று மாடிகளையும் மரத்தாலேயே கட்டினார்கள். அவ்வளவு பெரிய மரக்கட்டிடம் தீத்தடுப்பு விதிகளுக்கு ஒவ்வாது. போர் முடிந்த ஆறு மாதங்களில் இடித்துவிடுவோம் என்ற உறுதிமொழியின் பேரில் அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு ஒரு பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. 20ஆம் எண் கட்டிடம் என்ற வரிசை எண்ணே பெயராக நின்றுவிட்டது.

ஆறு மாதங்களுக்கென்று கட்டப்பட்ட அது 55 ஆண்டுகள் நின்றது. போர் முடிந்ததும் மாணவர்கள் பெருகினார்கள், இடம் போதவில்லை, வேறு எங்கும் இடம் கிடைக்காத துறைகளெல்லாம் அங்கே ஒதுங்கின. நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் மொழியியலைப் புதிதாக எழுதத் தொடங்கியது அந்தக் கட்டிடத்தில்தான். ஒலியியல் ஆய்வாளர் அமர் போஸ் அங்கே இருந்தார். அங்கு பணியாற்றியவர்கள் அனைவரும் ஒன்றை மட்டும் மாறாமல் நினைவுகூர்கிறார்கள்: கட்டிடம் எப்படியும் இடிபடப்போவதுதானே என்பதால் அதை என்ன செய்தாலும் கேட்பாரில்லை. சுவரில் துளையிட்டு அடுத்த அறைக்குக் கம்பி இழுக்கலாம்; தரையைப் பெயர்த்து உயரமான கருவியை நிறுத்தலாம். நிரந்தரமான கட்டிடங்கள் தராத சுதந்திரத்தை ஒரு தற்காலிகக் கட்டிடம் தந்தது.

1946இல் தோன்றிய மாணவர் சங்கம் ஒன்று இந்தக் கட்டிடத்தில் ஓர் அறையைப் பெற்றது. டெக் மாடல் ரெயில்ரோட் கிளப் என்பது சங்கத்தின் பெயர். 20-இ-214 என்பது அறையின் எண். அடுத்த அரை நூற்றாண்டுக்கு அதுவே அவர்களின் வீடாக இருந்தது.

*

அந்த அறையை ஏறத்தாழ முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேசை. மேசை என்று சொல்வது வசதிக்காகத்தான். சட்டங்களின் மேல் பரப்பப்பட்ட ஒரு நிலப்பரப்பு அது. எச்.ஓ. எனப்படும் அளவில், அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்காக, எல்லாமே அமைந்திருந்தன. இந்த அளவில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டர் தூரம் பதினொன்றரை மீட்டராகச் சுருங்கிவிடும்.

சங்கத்தில் இரண்டு கூட்டத்தார் இருந்தார்கள் என்று ஸ்டீவன் லெவி 1984இல் வெளிவந்த தமது நூலில் விவரிக்கிறார். ஒரு கூட்டத்துக்கு மேசையின் மேற்புறம்தான் உலகம். பழைய ரயில்களின் வரலாற்றைத் தேடிப் படிப்பார்கள். பெட்டிகளுக்கு வண்ணம் தீட்டுவார்கள். மலைச்சரிவில் மரங்களை நடுவார்கள். இன்னொரு கூட்டம் மேசைக்கு அடியிலேயே வாழ்ந்தது. கைகாட்டி மற்றும் மின்சக்தித் துணைக்குழு என்பது அவர்களின் அதிகாரப்பூர்வமான பெயர். வண்டி எப்படி இருக்கிறது என்பதைக் காட்டிலும் எப்படி ஓடுகிறது என்பதே அவர்களை உறங்கவிடாமல் செய்தது.

மேசைக்கு அடியில் என்ன இருந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். மாதிரி ரயிலின் எஞ்சின் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பாதை முழுவதும் ஒரே மின்சுற்றாக இருந்தால், அதில் நிற்கும் எல்லா எஞ்சின்களும் ஒரே சமயத்தில் ஒரே வேகத்தில் கிளம்பிவிடும். இதைத் தவிர்க்கப் பாதையைப் பல துண்டுகளாக மின்தொடர்பு இல்லாமல் பிரித்துவைக்கிறார்கள். ஒருவர் தம் வண்டியை ஓட்ட வேண்டுமானால், அது நிற்கும் துண்டோடு அவருடைய கட்டுப்பாட்டுக் கருவி இணைய வேண்டும். வண்டி அடுத்த துண்டுக்குள் நுழையும்போது இணைப்பும் அதற்கு மாற வேண்டும். நான்கைந்து பேர் நான்கைந்து வண்டிகளை ஓட்டினால் இந்த இணைப்புகளின் கணக்கு தலைசுற்ற வைக்கும்.

இந்தக் கணக்கைச் செய்யத் தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலேக்களைக் கொண்டு ஒரு பொறியமைப்பை அவர்கள் உருவாக்கினார்கள். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு ஸ்விட்ச்; ஓரிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் இன்னோரிடத்தில் ஒரு சுற்றை அது மூடும் அல்லது திறக்கும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கல்லூரிகளுக்கு நன்கொடையாக வழங்கிய உதிரிபாகங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. சங்கத்தின் ஆலோசகராக இருந்த பேராசிரியரே வளாகத்தின் தொலைபேசி அமைப்பையும் கவனித்துவந்தார் என்பது கூடுதல் வசதி. பாதையின் எந்தத் துண்டு தேவையோ அதன் எண்ணைத் தொலைபேசியின் சுழல்வட்டைச் சுற்றித் தேர்ந்தெடுக்கலாம். 1962வாக்கில் சுமார் 1200 ரிலேக்கள் மேசைக்கு அடியில் கடகடத்துக்கொண்டிருந்தன. அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'சிஸ்டம்'. புதிதாகச் சேர்ந்தவர் நாற்பது மணி நேரம் அதில் உழைத்த பின்புதான் அறையின் சாவி அவர் கைக்கு வரும்.

*

ஒரே அறையில், ஒரே வேலையில், இரவும் பகலும் கூடியிருப்பவர்களுக்குள் ஒரு மொழி உருவாவது இயல்பு. நெசவுத்தறியைச் சுற்றியும் மீன்பிடி வள்ளத்திலும் அப்படித்தான் சொற்கள் பிறக்கின்றன. 1959இல், சங்கத்தின் உறுப்பினர் பீட்டர் சாம்ஸன் என்ற மாணவர் இந்தச் சொற்களையெல்லாம் திரட்டி ஒரு சிறு அகராதியாக்கினார். பயனற்ற குப்பைக்கு அதில் 'க்ரஃப்ட்' என்று பெயர். கைவைத்துக் கெடுத்துவிட்ட ஒன்று 'மங்' ஆகிவிட்டது. பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாத மாணவன் வெறும் 'கருவி'. நடைமுறைப் பயன் ஏதும் இல்லாவிட்டாலும், செய்வதன் இன்பத்துக்காகவே, சாதுரியத்தோடும் ஒரு தனி முத்திரையோடும் செய்யப்படும் வேலை 'ஹேக்'. அப்படிச் செய்பவர் 'ஹேக்கர்'.

ஹேக் என்ற ஆங்கிலச் சொல் மிகப் பழையது; வெட்டுவது, கொத்துவது என்பன அதன் பொருள்கள். எம்.ஐ.டி. மாணவர்களிடையே, வளாகத்தின் குவிமாடத்தில் எதையாவது ஏற்றிவைப்பது போன்ற குறும்புகளைக் குறிக்கவும் அது ஏற்கெனவே வழங்கிவந்தது. அந்தச் சொல்லுக்குக் கலைஞனின் கௌரவத்தைத் தந்தது ரயில் மேசையின் அடிப்பகுதிதான். பல நாள் முயன்று, பத்து ரிலேக்கள் செய்த வேலையை நான்கே ரிலேக்களால் செய்துகாட்டினால், அந்த இணைப்பைப் பார்த்த மற்றவர்கள் அதை ஒரு நல்ல ஹேக் என்றார்கள். நல்ல வெண்பாவைக் கேட்டுத் தலையசைப்பவரின் பாராட்டுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

'ஃபூ' என்ற சொல்லின் கதையும் இங்கே சொல்லத்தக்கது. 1930களின் அமெரிக்கப் படக்கதை ஒன்றில் வந்த பொருளற்ற சொல் அது. ரயில் அறையின் பல இடங்களில் அவசர ஸ்விட்சுகள் இருந்தன. வண்டி எதன் மீதாவது மோதப்போகிறது என்றால் யாரும் அவற்றை அழுத்தலாம். அழுத்தியவுடன் எல்லாம் நின்றுவிடும். ரிலேக்களாலேயே ஆன கடிகாரமும் நின்று, மணி தெரிந்த இடத்தில் ஃபூ என்ற எழுத்துகள் தோன்றும். இன்று கணினி நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள், எடுத்துக்காட்டுகளில் பெயரில்லாத ஒன்றுக்கு வைக்கும் பெயராக இந்தச் சொல்லைச் சந்திக்கிறார்கள். அது ஒரு காலத்தில் சில அங்குல உயர ரயில்களின் விபத்தைத் தடுத்தது என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

ரயில் அறையிலிருந்து கணினிக்கு இந்தச் சொற்கள் சென்ற வழி மிகக் குறுகியது. 1958இல் டிஎக்ஸ்-0 என்ற கணினி எம்.ஐ.டி. வளாகத்துக்கு வந்தது. டிரான்ஸிஸ்டர்களால் இயங்கிய முதல் தலைமுறைக் கணினிகளில் ஒன்றான அது, லிங்கன் ஆய்வகத்தில் கட்டப்பட்டு, அங்கிருந்து கழற்றி எடுத்துவரப்பட்டது. இடம்பெயர்ந்தபோது அதன் நினைவகத்தின் பெரும்பகுதி அதனோடு வரவில்லை. 65,536 சொற்களை நினைவில் வைத்திருந்த இயந்திரம் 4,096 சொற்களோடு புதுவீட்டுக்கு வந்து சேர்ந்தது. சங்கத்தின் முன்னாள் உறுப்பினரான ஜாக் டென்னிஸ் அதை ரயில் சங்கத்தாருக்கு அறிமுகப்படுத்தினார். மேசைக்கு அடியில் கிடந்தவர்கள் இரவுகளில் கணினிக்கு முன் அமரத் தொடங்கினார்கள். ரிலேக்களின் இணைப்பில் அவர்கள் தேடிய அழகு இப்போது நிரல்களின் வரிகளில் தேடப்பட்டது. சொற்களும் உடன் சென்றன.

பொருட்களும் சில சென்றன. 1961இல் பிடிபி-1 என்ற புதிய கணினி எம்.ஐ.டி.க்கு நன்கொடையாக வந்தது. அதில் ஓடுவதற்காக ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962இல் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் திரையில் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். கணினியின் ஸ்விட்சுகளைத் தட்டித்தட்டி முழங்கை வலித்தபோது, ஆலன் கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் அறைக்குச் சென்று, அங்கே கிடந்த மரத்துண்டுகளையும் ஸ்விட்சுகளையும் கொண்டு இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துவந்தார்கள். இன்று குழந்தைகளின் கைகளில் இருக்கும் விளையாட்டுக் கருவிகளின் மூதாதைகளில் அதுவும் ஒன்று. ரயில்பாதையைக் கழற்றும் நாள் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அதன் துண்டுகள் அறையை விட்டுக் கிளம்பிவிட்டன.

*

ஒரு மாதிரி ரயில்பாதையைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்வது எப்படி? முதலில் வண்டிகள் இறங்கும். ஒவ்வொன்றும் மெல்லிய தாளில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகும். பிறகு வீடுகள், நிலையங்கள், மரங்கள். அடுத்து வருவதுதான் கடினமான கட்டம். பலகைகள் சந்திக்கும் இடங்களில் மலையையும் சாலையையும் ஊடறுத்து வெட்ட வேண்டும். தண்டவாளங்களை நுண்ணிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். மேசைக்கு அடியிலுள்ள கம்பிகளை வெட்டுவதற்கு முன், ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதிய சீட்டை ஒட்ட வேண்டும். சீட்டு இல்லாமல் வெட்டிய கம்பி வெறும் செம்பு. எடைக்குப் போடலாம், வேறெதற்கும் உதவாது. கடைசியாக, கழற்றிய பலகை அறையின் கதவு வழியாக வெளியே போக வேண்டும். உள்ளேயே வளர்ந்த பல ரயில்பாதைகள் தோற்றுப்போவது இந்தக் கதவில்தான்.

வென்றவையும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஏஹெர்ன் என்பவர் இரண்டாம் உலகப்போருக்குச் சற்று முன்பு தொடங்கி, லண்டனில் தமது வீட்டில் 'மேடர் வேலி' என்றொரு கற்பனைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை உருவாக்கினார். ரயிலுக்கு நிகராக ஊரும் நிலமும் முக்கியம் என்று அந்தக் கலைக்குக் கற்பித்த முன்னோடிப் படைப்பு அது. 1961இல் அவர் மறைந்தபின் அது ஆக்ஸ்ஃபர்டுஷயரின் லாங் விட்டன்ஹம் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. இன்றும் அங்கே இருக்கிறது. அவ்வப்போது சில நாட்களில் வண்டிகள் ஓட்டப்படுகின்றன. ஏஹெர்ன் செய்த வீடுகளை, அவர் விட்டுச்சென்ற மேனிக்கே, நாம் போய்ப் பார்க்கலாம்.

தோற்றவற்றில் மிகத் துயரமானது கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் ஜான் ஆலன் கட்டியது. அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்களுக்கு அது ஒரு காவியம் போல. ஆலன் தமது முதல் சிறிய ரயில்பாதையைக் கைவிடாமல் எடுத்துவந்து, புதிய வீட்டின் பெரிய ரயில்பாதைக்குள் ஒரு பகுதியாகப் பொருத்திக்கொண்டவர். மலைகள் தரையிலிருந்து கூரை வரை எழுந்தன. பெட்டிகளை இழுக்க எஞ்சினுக்குப் பதில் ஒரு டைனோஸாரை நிறுத்தும் குறும்பும் அவரிடம் இருந்தது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அவருடைய ரயில்பாதையை எப்படிக் காப்பது என்ற கவலையோடு நண்பர்கள் அங்கே கூடி வண்டிகளை ஓட்டினார்கள். அவர் இறந்து இரு வாரங்கள்கூட ஆகவில்லை; குளிருக்காக இயக்கப்பட்ட வெப்பமூட்டியிலிருந்து தீப்பற்றி ஏறத்தாழ எல்லாம் எரிந்துபோயிற்று. எஞ்சியவை ஆலன் எடுத்த புகைப்படங்களும் நண்பர்களின் நினைவுகளும்தான்.

*

20-இ-214 அறையின் முடிவு இந்த இரண்டுக்கும் நடுவில் அமைந்தது. ஐம்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போன உறுதிமொழியை நிறைவேற்ற எம்.ஐ.டி. 1990களில் முடிவுசெய்தது. மரக்கட்டிடத்தை இடித்துவிட்டுக் கணினியியலுக்கு ஒரு பெரிய வளாகம் எழுப்புவது திட்டம். சங்கம் அறையைக் காலிசெய்ய வேண்டும். மாஸசூஸெட்ஸ் அவென்யூவில், எம்.ஐ.டி. அருங்காட்சியகம் அப்போது இருந்த என்-52 என்ற கட்டிடத்தில் அதற்கு வேறோர் அறை ஒதுக்கப்பட்டது.

புதிய அறை கிடைத்தும் பழைய ரயில்பாதையை அங்கே கொண்டுசெல்ல இயலவில்லை. அது அந்த அறைக்காகவே, அந்த அறைக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கூட்டிக் கூட்டிக் கட்டியது. ஒருநாள் கழற்றுவோம் என்ற நினைப்போடு யாரும் அதில் ஆணி அடிக்கவில்லை. கல்லூரி மாணவருக்கு நான்கு ஆண்டுகள்தான் கணக்கு. அதற்குள் தாம் தொட்ட பகுதியைச் செம்மையாக்கிவிட்டு அவர் போய்விடுவார். ஒருவர் வெட்டி ஒட்டிய இடத்தில் இன்னொருவர் மேலே கட்டியிருப்பார். வண்டிகளையும் தனித்தனியாக எடுக்கக்கூடிய பொருட்களையும் கொண்டுபோகலாம். நிலப்பரப்பின் பெரும்பகுதியையும் பாதையையும் அழிப்பதைத் தவிர வழியில்லை. அவ்வாறே நடந்தது. 1998இல் கட்டிடமும் இடிக்கப்பட்டது. 2004இல் அந்த இடத்தில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த, சுவர்கள் ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து நிற்பது போன்ற ஸ்டாட்டா மையம் திறக்கப்பட்டது.

புதிய அறையில் சங்கம் மறுபடியும் முதல் ஆணியிலிருந்து தொடங்கியது. ரிலேக்களின் இடத்தில் நாற்பது போல் நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகளும், அவற்றை ஆளும் லினக்ஸ் கணினியும் வந்தன. அதற்கும் 'சிஸ்டம்' என்றே பெயர். மூன்றாவது என்ற எண் மட்டும் சேர்ந்துகொண்டது. எம்.ஐ.டி.யின் உயர்ந்த கட்டிடமான கிரீன் பில்டிங்கின் சிறு உருவத்தை மேசைமீது நிறுத்தி, அதன் சன்னல் விளக்குகளில் டெட்ரிஸ் விளையாடும்படி செய்தார்கள். 2012இல் மாணவர்கள் உண்மையான கிரீன் பில்டிங்கின் சன்னல்களிலேயே டெட்ரிஸ் விளையாடிக் காட்டினார்கள். மேசைக்கு அடியில் பிறந்த மனநிலை வீடு மாறியும் பிழைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே இந்தக் கதையை ஓர் ஆறுதலோடு முடித்துவிடலாம்: மரமும் செம்பும் போயின, கைவழக்கம் நிலைத்தது என்று. ஆனால் அந்த அறையிலிருந்து வெளியேறியவற்றில் மிகத் தொலைவு பயணம் செய்ததைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. கதவின் அகலம் எதைத் தடுத்தாலும் சொல்லைத் தடுப்பதில்லை. அதைக் கழற்ற வேண்டியதில்லை, தாளில் சுற்ற வேண்டியதில்லை. ஹேக்கர் என்ற சொல் ரயில்பாதைக்கு நெடுங்காலம் முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டது.

போகும் வழியிலேயே அதன் கம்பிகள் அறுபடத் தொடங்கின. 1963இலேயே எம்.ஐ.டி. மாணவர் பத்திரிகை, வளாகத் தொலைபேசி இணைப்புகளில் விளையாடியவர்களைக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. ரயில் அறையின் தொலைபேசிக் காதலை நினைத்தால் இதில் வியப்பில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பத்திரிகையைக் குறைசொல்லவும் முடியாது. விளையாட்டுக்கும் அத்துமீறலுக்கும் இடையிலான கோடு அந்த அறையிலேயே மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அந்தக் கோட்டோடு வேறு பலவும் சேர்ந்திருந்தன: சாவிக்கு முன் நாற்பது மணி நேர உழைப்பு, நண்பரின் தலையசைப்பு, யார் வேண்டுமானாலும் அழுத்தக்கூடிய ஃபூ ஸ்விட்ச். 1983இல் மில்வாக்கி நகரத்து இளைஞர்கள் சிலர் பிறருடைய கணினிகளுக்குள் நுழைந்த செய்தி வெளிவந்தபோது, நாளேடுகள் அவர்களை ஹேக்கர்கள் என்றழைத்தன. அடுத்த ஆண்டு லெவி தமது நூலில் சொல்லின் பிறந்தவீட்டை நினைவூட்டினார். ஆனால் செய்தித்தாளின் வேகத்தை ஒரு நூல் எப்போது எட்டிப்பிடித்திருக்கிறது?

தமிழுக்கு இந்தச் சொல் வந்தபோது அதன் கையில் களவு மட்டுமே இருந்தது. வங்கிக் கணக்கு ஹேக் செய்யப்பட்டது, இணையதளம் ஹேக் செய்யப்பட்டது என்றுதான் நாம் படித்தோம், படிக்கிறோம். கொந்தர் என்று தமிழாக்கியவர்களும் உண்டு. கொந்துதல் என்றால் குத்துதல், கொத்துதல். ஆங்கில வேரை நேர்மையாகப் பின்பற்றிய ஆக்கம்தான். அகராதியின் பழைய பொருள் அதில் இருக்கிறது. 1959இன் சிறிய அகராதி தந்த பொருள் அதில் இல்லை. நாம் பெற்றுக்கொண்டது சீட்டு ஒட்டப்படாத கம்பி.

சொற்களை வேற்றுமொழியிலிருந்து கொண்டுவருபவர்கள், பழைய நூல்களைப் பதிப்பிப்பவர்கள், வழக்கொழிந்த தொழில்களின் சொற்களைத் திரட்டுபவர்கள் என நம்மிடையேயும் கழற்றி இடம்மாற்றும் பணி நடந்துகொண்டே இருக்கிறது. தறியும் ஏற்றமும் செக்கும் போனபின் அவற்றின் உறுப்புகளுக்குரிய சொற்கள் பட்டியல்களாக எஞ்சியிருக்கின்றன. பட்டியலும் தேவைதான்; சாம்ஸன் செய்ததும் ஒரு பட்டியலே. அவர் அதைச் செய்தது தறி ஓடிக்கொண்டிருந்தபோது, தறிக்காரராகவே இருந்து. அதனால்தான் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு எங்கே இணைந்திருந்தது என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது. ரிலேக்கள் மௌனமாகி, மேசை உடைபட்டு, அறையும் கட்டிடமும் இல்லாமல் போனபின்பும், அந்த ரயில்பாதையில் நின்ற இடத்திலேயே நிற்பது அவர் எழுதிவைத்த சில பக்கங்கள்தான்.

அடுத்த முறை செய்தித்தாளில் ஹேக்கர் என்ற சொல்லைப் படிக்கும்போது, மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, நள்ளிரவில், ஒரு ரிலேயைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்ட மாணவனின் முகம் நினைவுக்கு வந்தால், அறுந்த கம்பிகளில் ஒன்றையாவது நாம் பழைய இடத்தில் இணைத்துவிட்டோம் என்று கொள்ளலாம்.